தொட்டியிலிருந்து தாமிரபரணி வரை

சென்னையின் வடமேற்கே, வில்லிவாக்கத்தைக் கடந்து ரெட்டேரியை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்திருக்கும் கொளத்தூரை, வண்ண மீன் வளர்ப்பில் நாட்டமுள்ள எவரும் அறியாதிருக்க முடியாது. புழக்கடையிலும் மொட்டை மாடியிலும் சிமெண்டுத் தொட்டிகளைக் கட்டி, கப்பியும் மோலியும் ஏஞ்சலும் ஃபைட்டரும் பெருக்கி, வெளிமாநிலங்களுக்கும் அனுப்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல அங்கே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அத்தெருக்களில் நடந்து, பிராணவாயு ஏற்றிப் புடைத்த பிளாஸ்டிக் பைகள் வரிசை வரிசையாகத் தொங்குவதையும், ஒவ்வொரு பையிலும் இரண்டோ மூன்றோ ஜீவன்கள் வெயிலில் மினுங்கிக்கொண்டு தம்மை வாங்கப்போகும் முகங்களை நோக்குவதையும் பார்ப்பது எனக்கு அலுக்கவே அலுக்காத காட்சி. மணமான புதிதில் நானும் என் கணவரும் பெரம்பூரில் குடியிருந்த வாடகை வீட்டில் நாய், பூனை வளர்க்க அனுமதி கிடையாது. மாடிக்கு வரும் காற்றைத் தவிர வேறு உயிர்ச் சலனமற்ற அந்த இரண்டு அறைகளில் எங்களோடு வாழ யாரேனும் வேண்டுமென்ற ஆசையே முதன்முதலில் எங்களைக் கொளத்தூருக்கு அழைத்துச் சென்றது.

மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமுமான ஒரு கண்ணாடித் தொட்டி, விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 190 லிட்டர் ஜலம் கொள்ளும். கண்ணாடியையும் மணலையும் கல்லையும் சேர்த்தால் அதன் பாரம் மூன்று ஆட்களின் எடையைத் தாண்டிவிடும். வீட்டுக்காரரிடம் இதை விளக்கி, சுவரோரமாக உத்தரத்தின்மேல் வைப்பதாக வாக்களித்து, ஒருவாறு சம்மதம் பெற்றோம். தண்ணீர் நிரப்பிய அன்றே மீன் விடலாகாது என்பதை விற்றவரே வற்புறுத்திச் சொன்னார். மீன்களின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா அவற்றுக்கே நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பின்னர் அபாயம் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்ற நுண்ணுயிர்கள் மணலிலும் ஃபில்டரின் பஞ்சிலும் குடியேறச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை பொறுத்திருப்பவனுக்கே தொட்டி வசப்படும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் குடிகளுக்காகவே நாங்கள் வெறுந்தொட்டியை விளக்கிட்டுப் பார்த்திருந்த மாலைகள் எத்தனையோ.

செடியும் மீனும் நத்தையும் ஒரே பாத்திரத்தில் ஒன்றையொன்று தாங்கி வாழக்கூடும் என்பதை 1850-ஆம் ஆண்டு லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன அறிஞர் காட்டினார். 1853-இல் அந்நகரின் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்கள் பார்க்க மீன்மாளிகை திறக்கப்பட்டது. நம் சென்னைக்கும் இதில் ஒரு பழம்பெருமை உண்டு: 1909-லேயே மெரினாக் கடற்கரையில் ஒரு மீன் காட்சிச்சாலை எழும்பி, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்படும்வரை மக்களை மகிழ்வித்தது. கடற்கரைக்குச் செல்லும்போதெல்லாம் அது எந்த இடத்தில் நின்றிருக்கும் என்று என் கணவர் தேடுவார். அப்படியொன்று இன்று அங்கே இல்லாதது எனக்கும் வருத்தமே.

மீன் வளர்ப்பவர்களின் அன்றாடம் வெளியிலிருந்து பார்ப்போருக்குச் சலிப்பூட்டுவதாகத் தோன்றலாம். உள்ளிருந்து பார்ப்போருக்கோ அதில் சாகசத்துக்குக் குறைவில்லை. சித்திரை மாத வெயிலில் தொட்டி ஜலம் முப்பது டிகிரியைத் தாண்டிச் சூடேறும்போது அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைந்து, மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து தவிக்கும். அப்போது மின்விசிறியை நீர்ப்பரப்பின்மேல் திருப்பி வைத்துக்கொண்டு நாங்கள் வியர்வையில் உட்கார்ந்திருப்போம். புயல் இரவொன்றில் மின்சாரம் நின்றுவிட, பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப்பும் ஓய்ந்தபின், விடியும்வரை முறைவைத்துக் குவளையால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். தாம்பத்தியத்தின் முதல் வருஷத்தில் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அவ்விரவைவிட நல்ல சந்தர்ப்பம் எங்களுக்கு வாய்க்கவில்லை என்றே சொல்வேன்.

ஃபைட்டர் மீன் ஒன்று கூடு கட்டியதைப் பார்த்த நாளையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆண்மீன் மேலே வந்து காற்றை விழுங்கி, வாயின் கோழையில் பொதிந்து, ஒவ்வொரு குமிழியாக நீர்ப்பரப்பில் ஒட்டவைத்து, ஒரு கைவிரல் அகலத்துக்கு வெண்ணுரைப் பந்தலொன்றை அமைத்தது. பெண்மீன் முட்டையிட, அவை மெல்லக் கீழிறங்கும்போதே ஆண்மீன் பாய்ந்து பாய்ந்து வாயால் கவ்வி, மேலேறிப் பந்தலில் பதித்தது. ஒன்று நழுவினால் மீண்டும் இறங்கித் தேடியது. முட்டையிட்டு முடிந்த பெண்ணை அது விரட்டும் சுபாவமுடையதாதலால் நாங்கள் வேறு பாத்திரத்துக்கு மாற்றினோம். ஒன்றரை நாளில் குஞ்சுகள், கண்ணும் வாலுமான நூலிழைகளாகப் பந்தலிலிருந்து தொங்கத் தொடங்கின. தகப்பனோ ஆகாரத்தைத் திரும்பியும் பாராமல் அவற்றின் கீழே காவல் நின்றது.

மீன் வளர்ப்பு இருவரின் ஆசை என்றால், கூடாரமடித்துத் தங்கும் வழக்கம் என் கணவரால் எங்கள் வாழ்வில் நுழைந்தது. கல்லூரி நாட்களிலேயே தோளில் மூட்டையுடன் மலைகளைச் சுற்றியவர் அவர். இருவர் படுக்கும் கூடாரம் ஒன்று, சுருட்டினால் கைக்குள் அடங்கும் பாய்கள், ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு, நெற்றியில் கட்டும் விளக்கு ஆகியவற்றை எங்கள் சம்பளத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். காப்புக்காட்டில் அனுமதியின்றிக் கூடாரமடிப்பது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்றோரைக் காட்டுத்தீ பலிகொண்ட பின்னர் விதிகள் மேலும் இறுகின. அதனால் எப்போதும் பட்டா நிலங்களில், நிலத்துக்குரியவரின் இசைவோடு தங்குவதையே நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம்.

ஊருக்குப் போனால் மீன்களை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு விடை எளிது: ஆரோக்கியமான வளர்ந்த மீன்கள் சில நாட்கள் பட்டினி கிடந்தாலும் கெடுவதில்லை; அன்பு மிகுந்த அண்டை வீட்டார் அள்ளிக் கொட்டும் தீவனம் அழுகுவதே ஆபத்து. ஆகவே அளவாகப் பொட்டலங்கள் கட்டி, எதிர்வீட்டு மாமியிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புவோம்.

தாமிரபரணிக்குப் போகவேண்டுமென்ற எண்ணம் கொளத்தூர்க் கடையொன்றில்தான் பிறந்தது. செங்கோடும் கருங்கோடும் உடலில் ஓட, அம்புபோல் விரையும் 'மிஸ் கேரளா' மீன்களைக் காட்டிக் கடைக்காரர் விலை சொன்னார். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளுக்கே உரிய அந்த மீனை, சென்னை மாகாண மருத்துவப் பணியிலிருந்த பிரான்சிஸ் டே 1865-இல் உலகுக்கு அறிமுகப்படுத்தி, அப்போது சென்னைக் கவர்னராயிருந்த சர் வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டினார். 1997-இல் சிங்கப்பூர்க் கண்காட்சியில் பரிசு பெற்றபின் அதற்கு உலகமெங்கும் கிராக்கி ஏறி, ஆறுகளில் அள்ள அள்ளக் குறைந்து, 2008-இல் கேரள அரசு பிடிப்புக்குக் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. அதே கடையில் வேறொரு தொட்டியில், முதுகுத் துடுப்பிலிருந்து நீண்ட இழைகள் பின்னோக்கி மிதக்க, உடலில் கருந்திட்டுகளுடன் சில மீன்கள் உலவின. "இது நம்ம திருநெல்வேலி ஆத்து மீனு" என்றார் கடைக்காரர். 1954-இல் ஈ. ஜி. சைலஸ் என்ற மீனியல் அறிஞர் விவரித்து, இன்று டாகின்சியா தாம்பரபர்னியை என்று வழங்கப்படும் அந்த இனம், உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாமல் தாமிரபரணிப் படுகையில் மட்டுமே வாழ்வது. அழிவின் விளிம்பை நெருங்கிய உயிர்களின் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. அன்று வாங்கவில்லை. வீடு திரும்பும் பேருந்தில், அதை அதனிடத்திலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னோம்.

தை முடியும் தறுவாயில், வடகிழக்குப் பருவமழையின் கலங்கல் தெளிந்தபின் புறப்பட்டோம். எழும்பூரில் ஏறி, இரவெல்லாம் பிரயாணம் செய்து, காலையில் திருநெல்வேலியில் இறங்கி, செங்கோட்டைக்குப் போகும் பாசஞ்சர் வண்டியில் இடம்பிடித்தோம். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று நிலையங்கள் கடக்கக் கடக்க, ஜன்னலுக்கு வெளியே பிசானப் பயிர் கதிர் பிடித்துத் தலைசாய்ந்து நின்றது. அதற்கப்பால் பொதிகை மலை நீலமாக எழுந்து வந்தது. கல்லிடைக்குறிச்சியை விட்டபின் அம்பாசமுத்திரத்துக்கு முன்பாக வண்டி ஆற்றைக் கடக்கிறது. பாலத்தின்மேல் போகும் அந்தச் சில விநாடிகளில், கரை மருதமரங்களின் நிழலினூடே கற்களில் சலசலத்து ஓடும் தாமிரபரணியைக் கண்டபோது, என் கணவர் எழுந்து வாசலுக்கே போய்விட்டார்.

அகத்தியமலைப் பகுதியில் தோன்றி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவோடு கலக்கும் இந்நதியின் நீளம் 130 கிலோமீட்டருக்கும் குறைவே. ஆயினும் தென்மேற்கு, வடகிழக்கு என்ற இரு பருவமழைகளும் அதன் தலைமலையில் பொழிவதால், தமிழகத்தில் ஆண்டு முழுவதும் வற்றாது ஓடும் ஆறு என்ற சிறப்பை அது பெற்றிருக்கிறது. தன் பிறப்பிடத்தையும் முகத்துவாரத்தையும் ஒரே மாநிலத்துக்குள் கொண்ட நதி என்பதும் அதன் மற்றொரு சிறப்பு. ஒரு மீனினம் பல்லாயிரம் ஆண்டுகளாக இச்சிறு நதிக்குள்ளேயே தன் வாழ்வை நடத்தி வந்திருப்பது, அதன் கரையில் நின்று யோசிக்கையில் மேலும் வியப்பளித்தது.

பாபநாசம் கோயிலின் படித்துறையில் மீன்களைக் காண வெகுதூரம் தேட வேண்டியதில்லை. யாத்திரிகர்கள் வீசும் பொரிக்காகக் கெண்டை இனத்துப் பெருமீன்கள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு, ஜலமே கொதிப்பது போன்ற தோற்றத்தை உண்டாக்குகின்றன. கோயிலைச் சார்ந்த மீன்களைப் பிடிப்பது பாவம் என்ற நம்பிக்கை அவற்றைக் காத்து வருவதைக் கண்டு மகிழ்ந்தோம். ஆனால் அதே படித்துறையில், பரிகாரமென்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றிலேயே களைந்துவிட்டுப் போகும் வழக்கமும் வேரூன்றியிருக்கிறது. படிக்குக் கீழே பாறையிடுக்கில் வேட்டியும் புடைவையும் சிக்கி, பாசி படிந்து, நீரோட்டத்தில் அசைந்துகொண்டிருந்தன. ஒரு சேலையின் மடிப்பில் விரலளவு மீனொன்று மாட்டிக்கொண்டு துடித்தது. என் கணவர் குனிந்து துணியைப் பிரித்து அதை விடுவித்தார். அள்ளி அப்புறப்படுத்தும் வேலையைப் பலர் பலமுறை செய்தும் துணிகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. பாவத்தைப் போக்க வந்த இடத்தில் நதிக்கு இந்தக் கொடுமை இழைப்பதை எந்தத் தெய்வம் விரும்பும் என்று எனக்குக் கோபமே வந்தது.

மலைப்பக்கம் மேலே போனால் கல்யாண தீர்த்தம். 1925 ஜூன் மாதத்தில், வெள்ளத்தில் விழுந்த தம் மகளைக் காப்பாற்றப் பாய்ந்து விடுதலைப் போராட்ட வீரர் வ. வே. சு. ஐயர் உயிர் நீத்தது அங்கேதான். சேரன்மகாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தின் ஊரை அன்று காலைதான் ரயிலில் கடந்து வந்திருந்தோம். அதற்கும் அப்பால், 1988-இல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைக் காடுகள். அதனுள்ளே கூடாரத்துக்கு இடமில்லை; இருக்கவும் கூடாது. ஆகவே சமவெளியில், அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே ஆற்றோரமாக இருந்த ஒரு தோப்பில், நண்பர் ஒருவர் மூலம் முன்பே அனுமதி பெற்றிருந்தோம்.

தோப்புக்காரப் பெரியவர் எங்கள் மூட்டைகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மீனப் பாக்கவா தாயி மெட்ராஸ்ல இருந்து இம்புட்டுத் தூரம் வந்திய?" என்று வாஞ்சையோடு கேட்டார். கூடாரத்துக்கு என் கணவர் தேர்ந்த இடத்தைக் கண்டதும், "தென்னைக்குக் கீழ போடாதிய தம்பி. மட்டையோ நெத்தோ எப்ப விழும்னு யாரு கண்டா?" என்று சொல்லி, மாமரத்துக்கும் வரப்புக்கும் நடுவே மேடான ஒரு திட்டைக் காட்டினார். ஆற்றைப் பற்றியும் எச்சரித்தார்: "தண்ணி சட்டுனு ஏறிச்சின்னா, மேல அணையத் தொறந்துட்டாவன்னு அர்த்தம். பாத்துக்கிட்டு நிக்கப்பிடாது, விறுவிறுன்னு கரையேறிரணும்." இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கக் கூடியது.

அன்றிரவு சாதமும் பருப்புத் துவையலும் அப்பளமும் உண்டோம். தெற்கே, தென்னங்கீற்றுகளுக்கு மேலாக, வெண்மையாக ஒரு பெரு நட்சத்திரம் அசையாமல் நின்றது. அதுவே அகத்தியர் பெயரால் வழங்கும் தாரகை. வானத்தின் ஒளியில் சிரியஸுக்கு அடுத்த இடம் அதற்கு. வடநாட்டில் அடிவானத்தை ஒட்டித் தோன்றும் அது, நம் தென்கோடியில் நன்றாக மேலேறி வருகிறது. அகத்தியமலை தோன்றும் திசைக்கருகே அதைக் காண நேர்ந்ததில் இருவருக்கும் இனம்புரியாத ஆனந்தம் உண்டாயிற்று.

காலையில் எங்கள் சுவாசமே கூடாரத்தின் உட்புறத்தில் துளிகளாகப் பூத்திருந்தது. காபி போட்டுக் குடித்துவிட்டு, வெயில் ஏறி ஆற்றின் அடித்தளம் துலங்கும்வரை காத்திருந்து இறங்கினோம். முழங்காலளவு ஜலம், கீழே மணலும் உருண்டைக் கற்களும். அசையாமல் நின்றால்தான் மீன்கள் வரும் என்பதைத் தொட்டியே எங்களுக்குக் கற்றுத் தந்திருந்தது. முதலில் பரல் போன்ற குஞ்சுகள் கால்விரல்களைச் சுற்றின. பிறகு, பாறைமேல் உதட்டை அட்டைபோல் ஒட்டவைத்துக்கொண்டு ஓட்டத்தை எதிர்த்து நிற்கும் மீன்களைக் கண்டோம். அவை ஒரு கல்லிலிருந்து மறு கல்லுக்குத் தாவும் கணத்தில் மட்டுமே இருப்பது தெரிந்தது.

நாங்கள் தேடி வந்தவை சற்று ஆழத்தில், ஓட்டம் சுழித்துத் தணியும் ஒரு பாறையின் மறைவில் இருந்தன. நீர்க்கண்ணாடி அணிந்து முகத்தை அமிழ்த்திப் பார்த்தேன். இழைத்துடுப்பு நீண்ட ஆண்மீன்கள் இரண்டு பக்கவாட்டில் ஒன்றையொன்று உரசுமளவு நெருங்கி, துடுப்புகளை முழுதும் விரித்து, வட்டமிட்டுச் சுழன்றன. வெயில் பட்டபோது உடல் பச்சையும் செம்பும் கலந்து மாறியது. ஒன்று சட்டென்று விலக, மற்றது துரத்த, இரண்டும் ஓட்டத்தின் வேகத்துக்குள் புகுந்து பத்துப் பன்னிரண்டடி கீழே போய், எதிர்நீச்சலிட்டு மீண்டும் அதே பாறைக்குத் திரும்பின. கொளத்தூர்க் கடையில் கண்ட மீன்களும் இவையே. ஆயினும் அங்கே அவை கண்ணாடிக்குப் பின்னால் மெல்ல உலவிய வண்ணப் பொருட்களாகத்தான் எனக்குத் தோன்றியிருந்தன. ஓட்டத்தை எதிர்ப்பதற்கென்றே அமைந்த உடல் அது. எங்கள் மூன்றடித் தொட்டியில் எந்த மோட்டாரை வைத்தாலும் இந்தப் பிரவாகத்தை உண்டாக்க முடியாது என்பது ஒரு பார்வையிலேயே விளங்கிற்று.

தோப்புக்காரரின் பேரன், பள்ளி விடுமுறையிலிருந்த சிறுவன், துண்டைச் சல்லடையாக விரித்துக்கொண்டு, "ரெண்டு புடிச்சுத் தரட்டாக்கா? ஊருக்குக் கொண்டு போங்க" என்று ஆசையோடு கேட்டான். வேண்டாமென்று சொல்லி, நீர்க்கண்ணாடியை அவனிடம் கொடுத்தோம். அவன் முகத்தை அமிழ்த்தியவன் வெகுநேரம் எழவில்லை. எழுந்ததும், "எண்ணெக்காரன் மாரி மினுங்குது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அமிழ்ந்தான். அவனும் அவன் தோழர்களும் அன்று மாலைவரை அந்தக் கண்ணாடியை எங்களிடம் திருப்பித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பிடித்துச் செல்வதைப் போலவே, கொண்டுவந்து விடுவதும் ஆற்றுக்குத் தீங்கு என்பதைப் பலர் உணர்வதில்லை. வீடு மாறும்போதோ, மீன் பெரிதாகிவிட்டபோதோ, கொல்ல மனமின்றி அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தொட்டியின் பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் தென்னமெரிக்க 'டேங்க் கிளீனர்', கவசம் போன்ற செதிலும் கரையைக் குடைந்து வளை தோண்டும் வழக்கமும் உடையது. அது நம் நீர்நிலைகளில் பரவி வலைகளைக் கிழிப்பதாக மீனவர்கள் வருந்துகிறார்கள். 1952-இல் உணவுக்கென்று இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை, தாய் தன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும் அந்தச் சாமர்த்தியத்தாலேயே பெருகிப் பல குளங்களில் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துவிட்டது. தாமிரபரணியின் குறுக்கே, மேற்கே கோடைமேலழகியான் தொடங்கிக் கிழக்கே ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உண்டு. பழைய மன்னர்களும் பின்னர் ஆங்கிலேயரும் கட்டிய அவை வயல்களை வாழவைத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றில் தேங்கும் நீர் வந்தேறி மீன்களுக்கு உகந்தது. ஓடும் நீரையே நம்பிய இந்த மண்ணின் மீன்களோ, அணைக்கும் அணைக்கும் இடையே எஞ்சிய ஓட்டத்தில் ஒடுங்கி வாழ்கின்றன. மணல் அள்ளிய பள்ளங்களும் சாக்கடையும் அதையும் சுருக்குகின்றன. தொட்டியில் மீன் வளர்ப்போர் இந்த நதிகளுக்காகப் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்? மீனின் முகத்தைத் தினமும் பார்த்துப் பழகியவர்கள் நாங்களல்லவா?

திரும்பும் வழியில் திருப்புடைமருதூருக்குப் போனோம். கடனா நதி தாமிரபரணியோடு கூடுமிடத்தில், நாறும்பூநாதர் கோயிலைச் சூழ நிற்கும் மருதமரங்களில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடுகட்டி வாழ்கின்றன. ஊராரே வேட்டையை விலக்கிக் காத்துவந்த அந்த இடம் 2005-இல் இந்தியாவின் முதல் பாதுகாப்புக் காப்பிடங்களுள் (கன்சர்வேஷன் ரிசர்வ்) ஒன்றாக அறிவிக்கப்பட்டது. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், பறவைகளின் எச்சம் தலையில் விழுவதைக்கூடப் பொருட்படுத்தாமல், "அதுக பொறந்த ஊரு இது, நாம என்ன சொல்ல முடியும்?" என்றார். அந்த ஊரின் நீரில் மீன்களும் அச்சமின்றிக் கரையோரம் வரை வந்து மேய்ந்தன.

பெரம்பூர் வீட்டில் மாமியிடம் கொடுத்த பொட்டலங்களில் ஒன்று மீந்திருந்தது; மீன்கள் எல்லாம் நலம். தொட்டியில் ஒரு மாறுதல் மட்டும் செய்தோம்: கொளத்தூர்க் குடும்பங்கள் தாமே இனம்பெருக்கிய மீன்களையன்றி ஆற்றிலிருந்து பிடித்தவற்றை இனி வாங்குவதில்லை என்று தீர்மானித்து, கடைக்காரரிடம் ஒவ்வொரு முறையும் "இது எங்கே பொரிந்தது?" என்று கேட்கத் தொடங்கினோம். முதலில் விசித்திரமாகப் பார்த்தவர், இப்போது நாங்கள் கேட்குமுன்பே சொல்லிவிடுகிறார். தாமிரபரணி மீனின் நெருங்கிய உறவான டாகின்சியா அருலியஸ், 1849-இல் ஜெர்டன் விவரித்தது, காவேரிப் படுகையில் வாழ்கிறது. கோடையில் நீர் இறங்கித் தெளியும்போது பவானிக் கரையில் கூடாரமடிக்க, அங்குள்ள ஒரு நண்பரின் தோட்டத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். நீர்க்கண்ணாடி இம்முறை இரண்டு வாங்க வேண்டும்.